தட்டம்மையும் ஓர் எளிய கணக்கும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்

முன்னுரை

கணிதம் பயிலும் மாணவனுக்கும் அம்மை நோய்க்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைக் கண்டதும் நண்பர்கள் கேட்கக் கூடும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது பாடநூல் அன்று. என் அக்காள் கேட்ட ஒரு கேள்வியே ஆகும்.

அக்காளும் மாமாவும் ஆண்டுதோறும் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு செல்வார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு ஊர் திரும்புவார்கள். சென்ற ஆடியில் வந்திருந்தபோது ரேஷன் அட்டையைத் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தோம். அதற்கு அடியில் குழந்தையின் ஊசி அட்டை இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. எனவே அட்டை என் கைக்கு வந்தது. ஒன்பதாம் மாதத்துக் கட்டத்தில் தேதி எழுதப்பட்டிருந்தது. பதினாறாம் மாதத்திலிருந்து இருபத்து நான்காம் மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது தட்டம்மை ஊசியின் கட்டம் வெறுமையாக இருந்தது. குழந்தைக்கு அப்போது இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

விசாரித்தேன். முகாம் நாளன்று குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்களாம். அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் அறுவடை. பிறகு பொங்கல், பிறகு சூளை. இரண்டாவது ஊசியை உடனே போட வேண்டும் என்று நான் சொன்னதும் அக்காள் கேட்டாள்: “அதான் ஒரு ஊசி போட்டாச்சே தம்பி, இன்னொண்ணு எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. “அரசாங்கம் சொல்லுது, போடணும்” என்றுதான் சொல்ல முடிந்தது. அது விடை ஆகாது என்பதை அவள் முகமே காட்டியது. கல்லூரிக்குத் திரும்பியபின் நூலகத்திலும் பேராசிரியர்களிடமும் கேட்டு அறிந்தவற்றை, அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையாகவே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

நோயும் கிருமியும்

தட்டம்மையை நம் ஊர்ப்பக்கம் மணல்வாரி அம்மை என்றும் சொல்வார்கள். உடலெங்கும் மணலை வாரி இறைத்தாற்போல் சிவந்த பொரிகள் தோன்றுவதால் வந்த பெயர் இது. இது சின்னம்மை அன்று. 1980-இல் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பெரியம்மையும் அன்று. இதனை உண்டாக்குவது ஒருவகை வைரஸ். மனிதனைத் தவிர வேறு எந்த விலங்கினத்திலும் இது நிலைத்து வாழ்வதில்லை. இச்செய்தியை நினைவில் கொள்ளல் வேண்டும். மனிதரிடையே அதற்கு இடம் இல்லாமற் செய்துவிட்டால், ஒளிந்துகொள்ள அதற்கு வேறு இடம் இல்லை.

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அவர் எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை அது உயிர்ப்போடு இருக்கக் கூடும். தொற்றிய பத்துப் பன்னிரண்டு நாட்களில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை தோன்றும். அதன்பின் சில நாட்களில் முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பொரிகள் பரவும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும் என்பது மருத்துவர்கள் கூறும் கணக்கு.

பலரும் இதனைப் பிள்ளைகளுக்கு வந்து போகும் ஒரு காய்ச்சல் என்றே எண்ணுகின்றனர். பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வது உண்மையே. ஆனால் நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, காது நோய், மூளை அழற்சி ஆகியவை இதன் பின்னால் வரக் கூடும். வைட்டமின் ஏ குறைவாக உள்ள குழந்தைகளின் பார்வையையே இது பறித்துவிடும். மேலும், பிற நோய்களுக்கு எதிராக உடல் முன்னரே சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பாற்றலையும் இக்கிருமி அழித்துவிடுகிறது என்பதை 2019-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. தட்டம்மை வந்து போன பிள்ளை அடுத்த பல மாதங்களுக்கு அடிக்கடி நோயில் விழுவதன் காரணம் இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் மட்டும் இந்நோயால் இறந்தோர் சுமார் 1,07,500 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

என் பாட்டிக்குப் புள்ளிவிவரம் தெரியாது. ஆனால் அவர் பெற்றவர் ஏழு, நின்றவர் நால்வர். போன மூவரில் இருவரை மணல்வாரி கொண்டுபோயிற்று என்று இன்றும் சொல்வார். அந்த இருவருக்கும் ஊசி கிடைத்திருக்கவில்லை. நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்க்கப்பட்டது 1985-இல்தான்.

வேப்பிலையும் நான்கு நாட்களும்

அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியார் உள்ளே வராமல் காப்பதும், நோயாளியைத் தனியே படுக்க வைப்பதும், வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பதும் நம் முன்னோர் வழக்கம். இவற்றைப் படித்தவர்கள் எள்ளி நகையாடுவதை நான் கேட்டிருக்கிறேன். நகையாடத் தேவையில்லை. கிருமி என்ற ஒன்றைக் காணாத காலத்தில், நோயாளியைப் பிறரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று கண்டறிந்தது சிறந்த அறிவே ஆகும்.

ஆயினும் தட்டம்மையைப் பொறுத்தவரை அதில் ஓர் இடைவெளி உள்ளது. பொரிகள் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நோயாளி பிறருக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். தோன்றிய பின்னும் நான்கு நாள் பரப்புகிறார். முதல் நான்கு நாளில் அது வெறும் சளிக் காய்ச்சலாகவே தோன்றும். பிள்ளை அங்கன்வாடிக்குப் போகும், பேருந்தில் ஏறும், தெருவில் விளையாடும். முத்து தெரிந்து வேப்பிலை வாசலில் ஏறும்போது, கிருமி அந்த வாசலைத் தாண்டிச் சென்று நான்கு நாள் ஆகியிருக்கும். ஆகவே தனிமைப்படுத்துதல் மட்டும் போதாது. நோய் வருமுன்னே காத்தல் ஒன்றே வழி.

அவ்வழியைத் திறந்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜான் எண்டர்ஸ். 1954-இல் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு பள்ளி மாணவனின் உடலிலிருந்து எடுத்த கிருமியை அவரும் அவர் துணைவர்களும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தனர். அதனை வலுக்குறையச் செய்து உருவாக்கிய தடுப்பூசி 1963-இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 26 லட்சம் பேர் தட்டம்மையால் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பதினைந்தில் ஒன்று

இனி நம் பாடத்திற்கு வருவோம். யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஓர் ஊரில் ஒரு நோயாளி எத்தனை பேருக்கு நோயைத் தருவார் என்பதை அந்த நோயின் அடிப்படைப் பரவல் எண் என்கின்றனர். தட்டம்மைக்கு இது 12 முதல் 18 வரை எனக் கொள்வர். கணக்கிற்கு வசதியாக 15 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பதினைந்து பேருக்குத் தருவார். அந்தப் பதினைவரும் ஆளுக்குப் பதினைந்து பேருக்குத் தந்தால் 225. அடுத்த படியில் 3,375. ஒரு படிக்கு ஏறத்தாழ 12 நாள் என்றால், இது ஐந்து வாரத்தில் நடந்து முடிந்துவிடும். இது நாம் பதினோராம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர் வரிசையேயன்றி வேறில்லை.

இவ்வரிசையை எப்படி நிறுத்துவது? பொது விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் வரிசையின் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதை நாம் அறிவோம். நோயாளி சந்திக்கும் 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், ஒருவருக்கே நோய் செல்லும். விகிதம் சரியாக ஒன்று. அதற்கும் சற்று மேலே போய்விட்டால் நோய் தானாகவே அணைந்துவிடும். 14-ஐ 15-ஆல் வகுத்தால் 93.3 சதவீதம். பரவல் எண்ணை 12 என்று கொண்டால் 91.7; 18 என்று கொண்டால் 94.4. “நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து” என்று சுகாதாரத் துறையினர் ஓயாமல் சொல்வது எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

எல்லோருக்கும் ஊசி போட முடியாது என்பதையும் மறத்தலாகாது. ஒன்பது மாதம் நிரம்பாத கைக்குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, கருவுற்ற பெண் ஆகியோருக்கு இதனைப் போடுவதில்லை. இவர்களைக் காப்பது சுற்றியுள்ள 95 பேர் எழுப்பும் மதிலே. அம்மதிலில் என் அக்காள் குழந்தையும் ஒரு செங்கல்.

அக்காளின் கேள்விக்கு விடை

இனி, ஒரு ஊசி ஏன் போதாது? ஒன்பதாம் மாதத்தில் ஊசி போட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கே எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. தாயின் வயிற்றிலிருந்து பெற்று வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளின் உடலில் அப்போதும் மிஞ்சியிருப்பதும், குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு முதிராமல் இருப்பதும் இதற்குக் காரணம். அப்படியானால் இன்னும் தள்ளிப் போடலாமே என்று தோன்றும். தள்ளிப் போட்டால் இடைப்பட்ட மாதங்களில் குழந்தை காப்பின்றி நிற்கும். எனவேதான் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். இரண்டும் போட்டால் நூற்றுக்கு 97 பேருக்கு எதிர்ப்பாற்றல் கிட்டுகிறது.

1,000 குழந்தைகள் உள்ள ஒரு வட்டாரத்தைக் கற்பனை செய்வோம். அவர்களில் 950 பேருக்கு முதல் ஊசி போட்டாயிற்று. கேட்பவருக்கு 95 சதவீதம் என்பது நிறைவாகத்தான் தோன்றும். ஆனால் அவர்களில் 85 சதவீதத்தினர், அதாவது 807 பேரே, உண்மையில் காப்புப் பெற்றவர்கள். மீதி 193 பேர் நோய்க்குத் திறந்த வாசல்கள். காப்பு 81 சதவீதம். நாம் கண்ட எல்லைக்கு வெகு கீழே. இப்போது அதே 950 பேருக்கும் இரண்டாவது ஊசி போட்டால் காப்புப் பெற்றவர் 921 பேர். காப்பில்லாதவர் 79 பேர். 193 எங்கே, 79 எங்கே! இரண்டாவது ஊசி என்பது முதல் ஊசியின் மீதான அலங்காரம் அன்று. முதல் ஊசி எட்டாத குழந்தைகளைத் தேடிச் செல்லும் இரண்டாம் முயற்சி. எந்தக் குழந்தையை முதல் ஊசி எட்டவில்லை என்பது வெளியே தெரியாது. எனவே எல்லோருக்குமே போட வேண்டியுள்ளது.

அந்த 921 பேரும் நூற்றுக்கு 92 என்ற அளவே என்பதை நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். எல்லைக் கோட்டை ஒட்டியே நிற்கிறோம். 95 என்பது கடைசிப் படி. அதற்குக் கீழே இறங்க இடமில்லை. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2024-இல் முதல் ஊசி பெற்ற குழந்தைகள் 84 சதவீதம். இரண்டாவது ஊசியும் பெற்றவர் 76 சதவீதம்.

தீவுகள் சொல்லும் பாடம்

கணக்கு தாளில் சரியாக இருக்கலாம், உலகில் நடக்கிறதா? தீவுகளின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1781-க்குப் பின் தட்டம்மை தோன்றவில்லை. 1846-இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சரோடு நோய் கரையேறியது. 7,800-க்குச் சற்றுக் குறைந்த மக்கள்தொகையில் சில மாதங்களுக்குள் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டனர். ஆய்வு செய்ய அனுப்பப்பட்ட டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானுமுக்கு அப்போது வயது 26-க்கு மேல் இல்லை. அவர் ஊர் ஊராகச் சென்று, யார் யாரைச் சந்தித்தார், எந்த நாளில் முத்து தோன்றியது என்று குறித்துக்கொண்டார். 1781-இல் நோய் கண்டு பிழைத்திருந்த முதியவர்களை 65 ஆண்டுகள் கழித்தும் நோய் தீண்டவில்லை என்று கண்டார். ஒருமுறை பெற்ற எதிர்ப்பாற்றல் வாழ்நாள் முழுவதும் நிற்கும் என்பது இவ்வாறு தெரியவந்தது.

பசிபிக் கடலில் சுமார் இரண்டு லட்சம் மக்கள் வாழும் சமோவா நாட்டின் கதை நம் காலத்தது. 2018 ஜூலையில் அங்கே ஊசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. மருந்துப் பொடியைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் காலாவதியான வேறொரு மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்பது பின்னர் தெரிந்தது. தவறு கலந்த கையில்; பழி விழுந்தது தடுப்பூசியின் மீது. ஊசித் திட்டம் பல மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது மக்களின் நம்பிக்கை போயிருந்தது. 2018-இல் ஊசி பெற்ற குழந்தைகள் 31 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் அப்போது மதிப்பிட்டன.

2019-இன் பிற்பகுதியில் நோய் வந்தது. 5,700-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 83 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். நவம்பரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் இரண்டு நாள் அரசு அலுவலகங்களை மூடி, ஊசி போடாதவர் உள்ள வீடுகளின் முன்னே சிவப்புத் துணி கட்டச் சொல்லி, ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். அதே காலத்தில் அண்டை நாடுகளான தோங்காவிலும் பிஜியிலும் கூட நோய் நுழைந்தது. அங்கே ஊசி பெற்றோர் மிகுதி. ஓர் உயிரும் போகவில்லை. கடல் ஒன்று, கிருமி ஒன்று. மதில் மட்டுமே வேறு.

சராசரி ஏமாற்றும்

நான் கற்றவற்றுள் முதன்மையானதாகக் கருதுவது இப்பகுதியே. “எங்கள் மாநிலத்தில் 94 சதவீதம், எங்கள் மாவட்டத்தில் 94 சதவீதம்” என்ற செய்தியில் மகிழ்ந்துவிடக் கூடாது.

பத்துத் தெருக்கள், தெருவுக்கு நூறு குழந்தைகள். ஒன்பது தெருக்களில் நூற்றுக்கு 98 பேர் காப்புப் பெற்றவர்கள். பத்தாம் தெருவில் 60 பேரே பெற்றவர்கள். ஊர்ச் சராசரி 94.2. பதிவேட்டில் இது நல்ல மதிப்பெண். ஆனால் கிருமி பதிவேட்டைப் படிப்பதில்லை. ஒன்பது தெருக்களில் நுழைந்தால் பதினைந்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 0.3, உடனே அணைந்துவிடும். பத்தாம் தெருவில் நுழைந்தால் பதினைந்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு, அதாவது 6, தீயாய்ப் பரவும். ஊசி போடாதவர்கள் ஊரெங்கும் சிதறி இருப்பதில்லை. ஒரே தெருவில், ஒரே தொழிலில், ஒரே உறவில் சேர்ந்தே இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதுவே நடந்தது. 2000-ஆம் ஆண்டிலேயே தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்த நாடு அது. 2023-24 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 94 சதவீதத்தினர் ஊசி பெற்றிருந்தனர். கெய்ன்ஸ் என்ற ஒரு மாவட்டத்தில் மட்டும் சுமார் 82 சதவீதம். 2025 ஜனவரி இறுதியில் நோய் வெடித்தது அந்த மாவட்டத்தை மையமாகக் கொண்டே. ஆகஸ்டு 18-ஆம் நாள் முடிவுற்றதாக அறிவிக்கப்படும் முன் 762 பேர் பாதிக்கப்பட்டனர். ஊசி போடாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்தனர். பணமும் மருத்துவமனையும் உள்ள நாட்டிலும் விட்டுப்போன தெரு விட்டுப்போன தெருவே. 2022-இன் இறுதியில் மும்பையின் கோவண்டி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்ததும் இவ்வகையே. கொரோனாக் காலத்தில் தவறிய ஊசிகளின் கடன் அங்கே வசூலிக்கப்பட்டது.

“பல ஆண்டுகளாக எங்கள் ஊரில் வரவில்லையே” என்பாரும் உளர். ஆண்டுக்கு நூறு குழந்தைகள் பிறக்கும் ஒரு பகுதியில் ஆண்டுதோறும் இருபது பேர் காப்பின்றி விடப்பட்டால், ஐந்தாம் ஆண்டில் நூறு பேர் சேர்ந்துவிடுவர். ஓர் ஆண்டின் பிறப்பு முழுவதும் காப்பின்றி இருப்பதற்கு அது ஒப்பு. அமைதியான அந்த ஐந்து ஆண்டுகளும் பாதுகாப்பின் ஆண்டுகள் அல்ல. விறகு சேர்ந்த ஆண்டுகள்.

நம் மாநிலத்தில்

தமிழ்நாடு தடுப்பூசியில் முன்னணியில் நிற்கும் மாநிலமே. ஆயினும் நம் பாதையும் மேடு பள்ளம் உடையது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்ற ஒரு வயதுக் குழந்தைகள் 2005-06-இல் சுமார் 81 சதவீதம். 2015-16-இல் சுமார் 70. 2019-21-இல் சுமார் 89. இடையே ஏன் இறங்கியது? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்த துயரம் பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் சில காலம் கிராம முகாம்கள் நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே பிள்ளைகளைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. இறக்கத்திற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து ஏறிச் செல்ல வேண்டும் என்றால் எந்தத் தாய்க்கு இயலும், எந்தத் தாய்க்கு இயலாது என்பதை நம் வீடுகளில் வளர்ந்தவர்கள் அறிவோம்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாட்டிலும் கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றிலும் முதலில் தொடங்கியது. நான் அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, எங்கள் பள்ளி வாசலில் தாய்மார் பலர் வந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டனர். என் அம்மாவுக்கு வாட்ஸ்அப் இல்லை. “ரெண்டு பிள்ளையை மணல்வாரிக்குக் குடுத்த வீடு இது. போட்டுக்கோ” என்று பாட்டி சொல்லிவிட்டார். அம்மா ஒப்புதல் தாளில் கைநாட்டு வைத்து அனுப்பினார். அன்று பெற்றதே எனக்கு இரண்டாவது ஊசி.

அஞ்சும் தாய்மாரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுவது முறையன்று. சமோவாவிலும் திருவள்ளூரிலும் இறந்தவை உண்மைக் குழந்தைகள். அச்சத்துக்கு விடை தகவலே. இவ்வூசி போட்டபின் சிலருக்கு இலேசான காய்ச்சலோ பொரியோ சில நாள் தோன்றும்; கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் மிக அரிது. மருந்துப் பொடியை அதற்கெனத் தரப்பட்ட நீரில் மட்டுமே கரைக்க வேண்டும்; கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவ்விதிகளைக் கேட்டறிய நமக்கு உரிமை உண்டு. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று காட்டியது.

நாம் செய்யக் கூடியவை

நம் கல்லூரி மாணவரில் பலர் தம் குடும்பத்தில் முதலில் பட்டம் பெறப் போகிறவர்கள். நம்மால் இயலுவன சில உண்டு.

முதலாவதாக, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ள ஊசி அட்டைகளை வாங்கிப் படிக்க வேண்டும். ஒன்பதாம் மாதக் கட்டத்தையும் பதினாறாம் மாதக் கட்டத்தையும் பார்த்தால் போதும். இரண்டாவதாக, காலம் தவறிவிட்டது என்று கைவிடக் கூடாது. ஐந்து வயது வரை தவறிய ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவதாக, சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பத்தார் அட்டையைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போகாமல் கையோடு எடுத்துச் செல்லும்படி சொல்ல வேண்டும். அட்டை இருந்தால் எந்த ஊர்ச் சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். நான்காவதாக, அம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலை வைப்பதோடு, நர்சம்மாவுக்கும் செய்தி சொல்ல வேண்டும். வைட்டமின் ஏ மருந்தை அடுத்தடுத்த இரண்டு நாள் தந்தால் பார்வையும் உயிரும் காக்கப்படும். நல்ல உணவை நிறுத்தவே கூடாது.

முடிவுரை

ஆடித் திருவிழா முடிந்த அடுத்த புதன்கிழமை, அங்கன்வாடியில் நடந்த முகாமுக்கு அக்காள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டையை நான் கொண்டு சென்றேன். நர்சம்மா வெறுங்கட்டத்தில் தேதியை எழுதினார். குழந்தை அழுதது, சிறிது நேரத்தில் ஓய்ந்தது. திரும்பும் வழியில், “சூளையில எங்க கொட்டாய்க்குப் பக்கத்துல இன்னும் நாலு பிள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கு அட்டையே இல்ல” என்றாள் அக்காள்.

நான் மேலே எழுதிய கணக்கு முழுவதையும் அவள் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். நம் குழந்தைக்கு ஊசி போட்டால் மட்டும் கணக்கு முடிவதில்லை. பத்தாம் தெருவுக்கு யாராவது நடந்து செல்ல வேண்டும். இந்தப் பொங்கலுக்குப் பின் அவள் சூளைக்குப் புறப்படும்போது, ஊசி அட்டை துணிமூட்டையில் மேலாக இருக்கும். அந்த நான்கு பிள்ளைகளின் பெயரையும் பிறந்த மாதத்தையும் கேட்டு எனக்குப் போனில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்தப் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதுவேன்.